தமிழில் பேச்சுப் பயிற்சி தருபவர் யாராவது தெரியுமா?

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன், வயது 34. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். 'க'வில்தான் அதிகம் அடைக்கும். கோப்பி என்று கேட்க முடியாமல் பல வருஷம் மைலோ வாங்கிக் குடித்திருக்கிறேன்.

போன வருஷம் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கி, மருத்துவமனையில் பேச்சு சிகிச்சைக்குச் சேர்ந்தேன். (குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்த வழியில் போனால் சலுகைக் கட்டணம்.) மூச்சை மெல்ல விட்டபடி சொல்லைத் தொடங்குவது, முதல் அசையை நீட்டுவது, அடைக்கும் சொல்லுக்குப் பதில் வேறு சொல் தேடாமல் அதையே சொல்வது என்று பழக்கினார்கள். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம். எனக்குப் பலன் தந்ததும் அதுதான். இப்போது அலுவலகக் கூட்டங்களில் ஆங்கிலத்தில் ஓரளவு பேசிவிடுகிறேன்.

தமிழில்தான் சிக்கல். அம்மாவிடம் பேசினால் பழையபடி அடைக்கிறது. என் சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. ஜனவரியில் தங்கைக்குக் கல்யாணம். அண்ணனாக நான்தான் எல்லாரையும் வரவேற்றுப் பேச வேண்டும், பேச எனக்கும் ஆசை.

தமிழ் பேசும் ஸ்பீச் தெரபிஸ்ட் யாராவது இங்கே இருக்கிறார்களா? தனியார் என்றாலும் சரி, கட்டணத்தையும் சொல்லுங்கள். அப்புறம், பெரியவரான பிறகு பயிற்சி எடுத்தவர்கள் இருந்தால், வாரம் ஒருமுறை தேக்காவில் சந்தித்துத் தமிழில் பேசிப் பழகலாமா? ஃபோனிலும் பழகலாம், எனக்கு இன்னும் பயம் அதில்தான்.

வசம்பு, கூழாங்கல் வைத்தியம் மட்டும் வேண்டாம். திக்குவாய் நாக்கின் குறை இல்லை. மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்தோடும் பரம்பரையோடும் தொடர்புடையது. தெரிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்பினாலும் போதும்.