நானோவட்டு உடையுதா, லிப்பிட் மட்டும் இடம் மாறுதா? உதவி வேணும்

காரைக்குடி_மாணவன்:
எஸ்எம்ஏங்கிற பாலிமர் போட்டு டிஎம்பிசி (ஒரு லிப்பிட், அதாவது சவ்வுக் கொழுப்பு) நானோவட்டு செஞ்சேன்; பாலிமர் வளையம் கட்டின குட்டிச் சவ்வுத் துண்டு, விட்டம் சுமார் 10 நானோமீட்டர். ஒரு பங்கில் என்பிடி, ரோடமின்னு ரெண்டு ஒளிரும் சாய லிப்பிடும் இருக்கு. பக்கத்துல இருந்தா ரோடமின் என்பிடி ஒளியை அமுக்கும், விலகினா என்பிடி ஒளி ஏறும். சாயமில்லாத வட்டைப் பத்து மடங்கு சேர்த்தா, குவெட்டை (ஒளி அளக்கிற குப்பியை) கருவிக்குள்ள வச்சு மூடுறதுக்குள்ள என்பிடி ஒளி ஏறி நின்னுடுது. லிப்போசோமில் (லிப்பிட் குமிழில்) இதே வேலை மணிக்கணக்கா இழுத்தது. வட்டு உடையுதோ?

பள்ளத்தூரான்:
சவ்வைக் கரைக்கப் போட்ட டிடர்ஜென்ட் மிச்சம் இருக்கும் தம்பி.

காரைக்குடி_மாணவன்:
எஸ்எம்ஏ முறையில டிடர்ஜென்ட்டே கிடையாதுண்ணே.

பள்ளத்தூரான்:
அட ஆமா. வாபஸ்.

கானாடுகாத்தான்_அக்கா:
உடையல தம்பி. லிப்போசோமில் லிப்பிட் தனியாளா சவ்வை விட்டுத் தண்ணிக்குள்ள இறங்கணும். ஆத்தங்குடிக் கல்லுத் தரையில நிக்கிறவங்களைச் சித்திரை வெயில்ல வெறுங்காலோட தெருவுல இறங்கச் சொன்னா இறங்குவாங்களா? கொழுப்பு வாலுக்குத் தண்ணி அப்படி. அதான் தாமதம், வால் நீள நீள இன்னும் தாமதம். எஸ்எம்ஏ வட்டுகள் மோதும்போது தெருவுல இறங்காமலே ஆள் மாறிக்குது, விளிம்பைச் சுத்தி இருக்கிற பாலிமர் இறுக்கமான வேலி இல்லையே.

சோதிக்க வழி: எல்லாத்தையும் நீர்த்துப் பாருங்க. தனியாளாப் போறதுன்னா வேகம் மாறாது. மோதல்னா செறிவோட சேர்ந்து குறையும். உப்பையும் குறைங்க, பாலிமருக்கு எதிர்மின்சுமை, உப்பு குறைஞ்சா வட்டுகள் ஒண்ணையொண்ணு தள்ளும். மெக்னீசியம் மட்டும் சேர்த்துடாதீங்க, எஸ்எம்ஏ திரிஞ்ச பாலாட்டம் படிஞ்சிடும்.

வெப்பநிலை என்ன?

காரைக்குடி_மாணவன்:
ஏசி ஓடலக்கா. அறை வெப்பம்தான், 34.

கானாடுகாத்தான்_அக்கா:
டிஎம்பிசி 24 டிகிரியிலேயே இளகிடும். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு அளந்தா ஒப்பிட முடியாது. நீர்த்தொட்டி வச்சு 30ல நிறுத்துங்க.

காரைக்குடி_மாணவன் (மூணு நாள் கழிச்சு):
30ல வச்சு நல்லா நீர்த்ததும் வளைகோடு கண்ணுக்குத் தெரிஞ்சது. அதுக்கு மேல செறிவைப் பாதியாக்கினா அரைநேரம் (பாதி மாற ஆகுற நேரம்) ஏறக்குறைய இரட்டிப்பு. 200 மில்லிமோலார் உப்பை 50 ஆக்கினதும் இன்னும் மெதுவாச்சு. ஒளிச்சிதறல் வச்சு அளந்தா வட்டு அளவு அதே 10 நானோமீட்டர். மோதல்தான்.

இப்ப வேற கவலை. ரெண்டு வேற சவ்வுலேருந்து எஸ்எம்ஏ போட்டு, வட்டோட சேர்த்துப் புரதம் எடுத்து ஒரே குழாயில கலக்கலாம்னு இருந்தேன்.

கானாடுகாத்தான்_அக்கா:
கலக்காதீங்க. புரதம் கூட்டிட்டு வந்த சொந்த லிப்பிட் எது, பக்கத்து வட்டுலேருந்து வந்தது எதுன்னு அப்புறம் பிரிக்க முடியாது. தனித்தனிக் குழாய்.

பள்ளத்தூரான்:
டிடர்ஜென்ட்னு சொன்னதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலையே?