சூரியக் கடிகாரம் மணி தப்பா காட்டுது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்களேன்

வணக்கம் மக்களே, பொண்ணோட ப்ராஜெக்ட்னு ஆரம்பிச்சது, இப்போ அவ மறந்துட்டா, நான்தான் தினமும் வெயில்ல நிழலைப் பாத்துட்டு நிக்கறேன்.

முதல்ல குச்சிய செங்குத்தா நட்டேன். ரெண்டு மாசத்துல நிழல் வேற எங்கேயோ விழ ஆரம்பிச்சிருச்சு, அப்புறம்தான் தெரிஞ்சுது குச்சி பூமியோட அச்சுக்கு இணையா, அதாவது நாம இருக்கற அட்சரேகை எத்தனை டிகிரியோ அவ்ளோ மட்டும் தரையிலிருந்து தூக்கி வட துருவத்தைப் பாத்து இருக்கணுமாம். சரி, அதுவும் செஞ்சாச்சு.

சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருதேன்னு அட்டையில 15 டிகிரிக்கு ஒரு கோடு போட்டேன். 12 மணி ஓரளவு ஓகே, ஆனா காலைல 9 மணி சுத்தமா ஒத்து வரல. அட்டை தரையில படுக்கையா இருந்தா கோடுங்க சம இடைவெளில வராதோ? குச்சிக்கு செங்குத்தா அட்டைய சாய்ச்சு வச்சா மட்டும்தான் 15 செல்லுமா?

இன்னொண்ணு, நவம்பர் ஆரம்பத்துல நிழல் நம்ம கைக்கடிகாரத்தைவிட சுமார் 16 நிமிஷம் முந்தும், பிப்ரவரி நடுவுல 14 நிமிஷம் பிந்தும்னு படிச்சேன், அதுக்கு மேல நம்ம ஊர் தீர்க்கரேகை, இந்திய நேரத்தைக் கணக்கிடற தீர்க்கரேகைலேர்ந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கோ, டிகிரிக்கு 4 நிமிஷம் வேற. இதுல எதைக் கூட்டணும் எதைக் கழிக்கணும்னு தலை சுத்துது. தீர்க்கரேகை வித்தியாசத்துக்கு மட்டும் படுக்கை அட்டைய லேசா திருப்பி வச்சா போதுமா, இல்ல கோடுங்களையே மாத்திப் போடணுமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.