ரோமானியத் தலைக்கவசம் இரண்டு வகை: சொல் வேண்டும், அவசரம்

நண்பர்களே,
பள்ளித் துணைநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு தலைக்கவசங்கள். காலாள் அணிந்ததில் காது வெளியே தெரியும், பின்கழுத்துத் தகடு அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைவீரர் அணிந்ததில் கன்னத்தகடு காதையும் மூடிவிடும். அதன்மேல் உலோகத்திலேயே ஒரு காதைப் புடைத்திருப்பார்கள். பின்தகடு குறுகலாகக் கீழே சரியும். குதிரையிலிருந்து விழுந்தால் அகலமான தகடு கழுத்தையே முறித்துவிடும் என்பது வழக்கமான விளக்கம். படத்துக்குள் அடங்க வேண்டும் என்று ‘குதிரைக் கவசம்’ எனப் போட்டிருக்கிறேன். சரியா?
– மா.

மா., அது குதிரைக்குப் போடுவது! ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட் கோட்டையில் குதிரைக்கான தோல் முகக்கவசமே கிடைத்திருக்கிறது. போதாததற்குக் கவசம் வடசொல். பதிற்றுப்பத்தில் ‘மழவர் மெய்ம்மறை’ இருக்கிறதே. மெய்யை மறைப்பது மெய்ம்மறை என்றால் தலையை மறைப்பது தலைமறை. பரித்தலைமறை, காலாள் தலைமறை. முடிந்தது.
– செ.

ஐயா, தலைமறை என்றதும் போலீஸ் தேடும் ஆள்தான் நினைவுக்கு வருகிறான். பரித்தலைமறையைப் ‘பரியின் தலைக்கு மறை’ என்றும் பிரிக்கலாம், பழைய குழப்பம்தான். அப்புறம், பட்டினப்பாலையின் ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’யில் பரி என்பது ஓட்டம், குதிரை அல்ல.
– இ.

அப்படியானால் பரிமேலழகர் ஓட்டத்தின்மேலா உட்கார்ந்திருக்கிறார்? மறை என்றால் நீட்டவும் வசதி. இங்கிலாந்தின் ரிப்செஸ்டரில் 1796இலும் கிராஸ்பி கேரட்டில் 2010இலும் கிடைத்த குதிரைவீரர் தலைக்கவசங்களில் மனித முகமே உண்டு. அதை முகமறை எனலாம்.
– செ.

அவை பயிற்சி விளையாட்டுக்கு உரியவை, ஐயா. குதிரைவீரர்கள் முகமூடித் தலைக்கவசத்தோடு களமிறங்குவதை ரோமானியக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் அர்ரியன் வர்ணிப்பதும் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லும்போதுதான். மா. கேட்டது போர்க்கவசம்.
– இ.

இருவரும் பெயருக்கு அடித்துக்கொள்கிறீர்கள், பொருளே அவ்வளவு தெளிவாக இல்லை. மூன்றாம் நூற்றாண்டின் நீடர்பீபர் வகைத் தலைக்கவசம் (ஜெர்மனியில் உள்ள ஓர் ஊரின் பெயர்) காதை மூடும், கழுத்துவரை இறங்கும். முதலில் குதிரைப்படைக்குரியது என்றே வகைப்படுத்தினார்கள். காலாட்படையும் அணிந்தது என்ற வாதம் பிறகு வந்தது. அதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?
– வ.

வ., அந்தப் படமும் நூலில் இருக்கிறது! அதற்கு வெறும் ‘ரோமானியத் தலைக்கவசம்’. மற்ற இரண்டும் ‘காலாள் தலைக்கவசம்’, ‘குதிரைவீரர் தலைக்கவசம்’. நீளம்தான்; எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லிவிட்டேன். உறுப்புகளுக்குக் கன்னத்தகடு, பிடரித்தகடு. மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள்.
– மா.

எனக்குச் சரி.
– இ.

பிடரி என்றால் குதிரையின் பிடரிமயிர்தான் பிள்ளைகளுக்கு நினைவு வரும், கழுத்துத்தகடு நல்லது. மற்றபடி சரி.
– வ.

பரியை விட்டுத்தருகிறேன், மறையை இல்லை. நமது சொற்பட்டியலில் தலைமறையும் மாற்றுச்சொல்லாக ஏற வேண்டும்.
– செ.