புதுப்பிப்பு: கோலின் குளோரைடு கரைப்பானில் வைக்கோல் – கழுவும் படியில் திருத்தம்

கந்தக அமிலத்துக்குப் பதிலாகக் கோலின் குளோரைடு–லாக்டிக் அமிலக் கரைப்பானில் வைக்கோலை முன்பதப்படுத்தும் முறையை (நொதிகள் வைக்கோலின் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைப்பதற்கு முன், அதிலுள்ள லிக்னினைக் கரைத்து நீக்கும் படி) முன்பு எழுதியிருந்தேன். வெந்ததும் "தண்ணீர் ஊற்றிக் கழுவவும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த வரிதான் தவறு.

கரைந்திருக்கும் லிக்னினுக்கு, அதாவது செல்லுலோஸ் நார்களைப் பிணைத்திருந்த பசை போன்ற பொருளுக்கு, தண்ணீர் ஆகாது. நேராக ஊற்றினால் பழுப்பாகத் திரண்டு நார்மேலேயே திரும்பப் படியும். பிறகு நொதி செல்லுலோஸை எட்டாது. போதாக்குறைக்கு லிக்னினிலேயே ஒட்டி வீணாகும். எனவே முதல் கழுவல் எத்தனாலும் தண்ணீரும் சம அளவு கலந்த கரைசலில், 50 டிகிரி வெதுவெதுப்பில், தீ எதுவும் பக்கத்தில் இல்லாமல். வடிநீர் வெளிறும்வரை இதையே செய்து, அதன்பிறகுதான் வெறும் தண்ணீர்.

அளவுகள் பழையவைதான்: 140 கிராம் கோலின் குளோரைடு, 180 கிராம் லாக்டிக் அமிலம், 80 டிகிரியில் தெளியும்வரை கிளறல், உலர் எடையில் 1 பங்கு வைக்கோலுக்கு 10 பங்கு கரைப்பான், 120 டிகிரி, 3 மணி நேரம். ஒன்று மட்டும்: லாக்டிக் அமில பாட்டிலில் 85% என்றிருந்தால் 180-க்குப் பதில் 212 கிராம் எடுங்கள். அதோடு 32 கிராம் தண்ணீரும் உள்ளே வரும்.

கழுவிய நாரை உலர்த்த வேண்டாம். நுண்துளைகள் மூடிக்கொண்டால், மறுபடி நனைத்தாலும் முழுதாகத் திறக்காது. ஈரப்பதத்தைத் தனி மாதிரியில் அளந்துகொண்டு, ஈரநாரையே பிஎச் 4.8, 50 டிகிரியில் நொதிக்குக் கொடுங்கள்.

வடிநீரில் எத்தனாலை ஆவியாக்கி எடுத்தபின் தண்ணீர் சேர்த்தால் லிக்னின் படியும். அதை வடிகட்டி, தண்ணீரை விரட்டினால் கரைப்பான் மீளும் (பசுமையான முறை என்ற கணக்கு உதைப்பது இந்த வெப்பச் செலவில்தான்). அமிலத்தில் ஒரு பகுதி கோலினோடு வினைபுரிந்து எஸ்டர் என்ற வேறு சேர்மமாகிவிடும் என்பதால், ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் அமில அளவைச் சரிபார்த்து, குறைவதை ஈடுகட்டுங்கள்.