காலியம் மாங்கனீஸ் ஆர்சனைடு: லேசர் பட்டதும் காந்தம் ஆடுகிறது, காரணம் சூடா, ஒளியா?

கேள்வி: காந்தப்பித்தன்
வணக்கம். எம்.எஸ்சி இறுதி ஆண்டு ப்ராஜெக்ட். சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள காலியம் மாங்கனீஸ் ஆர்சனைடு (மாங்கனீஸ் கலந்த, குளிரில் காந்தமாகும் குறைக்கடத்தி) படலத்தை 15 கெல்வினுக்குக் குளிர்வித்து, டைட்டானியம் சஃபையர் லேசரால் (800 நானோமீட்டர்) பம்ப்-ப்ரோப் அளவீடு (பம்ப் துடிப்பால் தட்டி, சற்றுத் தாமதித்து வரும் ப்ரோப் துடிப்பால் பார்ப்பது) செய்கிறோம். பம்ப் துடிப்பு விழுந்ததும் கெர் சிக்னல் (காந்தமாக்கத்தால் பிரதிபலித்த ஒளியின் முனைவாக்கம் மாறும் அளவு) சில நூறு பிகோசெகண்ட் காலச்சுற்றோடு அலை மாதிரி ஆடி அடங்குகிறது. கைடு, "சூடு, வேறென்ன" என்கிறார். ஆனால் ஒளியே ஸ்பினுக்கு (எலக்ட்ரானின் உள்ளார்ந்த சிறு காந்தம்) முறுக்குவிசை தர முடியும் என்று பிராக் குழு 2012-ல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என் வரைபடத்தை வைத்து இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: அலைநீளம்
கைடு சொல்வது சரிதான். 1996-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் போரெப்பேர் குழு நிக்கலில் காட்டியதே இதுதான்: ஃபெம்டோசெகண்ட் துடிப்பு எலக்ட்ரான்களைச் சூடாக்குகிறது, ஒரு பிகோசெகண்டு தாண்டுவதற்குள் காந்தமாக்கம் சரிகிறது. ரொம்ப யோசிக்காதீர்கள்.

பதில்: பழைய கிரையோஸ்டாட்
அலைநீளம் சார், நிக்கல் உலோகம். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. இந்தப் பொருளில் மாங்கனீஸ் அணுக்களின் ஸ்பின்களை ஒரே திசையில் கட்டிவைப்பது துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள். ஒளி அந்தத் துளைகளின் எண்ணிக்கையையே மாற்றும். இந்தியம் மாங்கனீஸ் ஆர்சனைடில் ஒளி பட்டதும் ஃபெர்ரோகாந்தம் தோன்றியதை கோஷிஹாரா குழு 1997-லேயே காட்டிவிட்டது. அங்கே சூடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தம்பி, உன் லேசரின் 800 நானோமீட்டர் என்றால் 1.55 எலக்ட்ரான்வோல்ட். குளிரில் காலியம் ஆர்சனைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைந்த ஆற்றல்) 1.52. ஆக, இடைவெளியை ஒட்டியே அடிக்கிறாய், நல்ல இடம். அங்கே வட்ட முனைவாக்க ஒளியை (மின்புலம் இடமாகவோ வலமாகவோ சுழலும் ஒளி) விட்டால் கிளம்பும் எலக்ட்ரான்களில் நான்கில் மூன்றின் ஸ்பின் ஒரு பக்கமும் ஒன்றின் ஸ்பின் மறுபக்கமும் இருக்கும். அதாவது 50 சதவீத முனைவாக்கம். அவை மாங்கனீஸோடு பரிமாற்ற விசையால் பிணைந்து, படலத்தின் தளத்தில் கிடக்கும் காந்தமாக்கத்தைத் தளத்துக்கு மேலேயோ கீழேயோ தட்டுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் சில பத்து பிகோசெகண்டுதான் உயிரோடு இருக்கும். உன் காலச்சுற்று சில நூறு. அதனால் அது ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டு விலகுவது போல.

சூடு வேறு மாதிரி. அது எளிய அச்சின் (காந்தமாக்கம் இயல்பாகப் படுத்திருக்க விரும்பும் திசை) நிலையைத் தளத்துக்குள்ளேயே நகர்த்தும். காந்தமாக்கம் புது அச்சைத் தேடிச் சுற்றும். பம்ப் இடது வட்டமா, வலது வட்டமா என்பது சூட்டுக்குத் தெரியாது.

எனவே ஒளியை வட்ட முனைவாக்கமாக்கும் கால் அலைத் தகட்டைத் திருப்பி இரண்டு வட்டத்துக்கும் அளந்து பார். ஆட்டம் தலைகீழானால் ஒளி, மாறாமல் இருந்தால் பெரும்பாலும் சூடு. முதல் ஓரிரு பிகோசெகண்டில் தெரிவதை மட்டும் நம்பாதே. பம்பும் ப்ரோபும் ஒன்றின் மேல் ஒன்று விழும் நேரத்தில் என்னென்னவோ வரும்.

காந்தப்பித்தன்
நன்றி அண்ணா. அளந்துவிட்டேன். முழுசாகத் தலைகீழாகவும் இல்லை, அப்படியே மாறாமலும் இல்லை. இரண்டு வளைவுக்கும் கட்டமும் (ஆட்டம் தொடங்கும் நிலை) வீச்சும் கொஞ்சம் வேறு. இப்போது இன்னும் குழப்பம்.

பழைய கிரையோஸ்டாட்
குழப்பமே இல்லை, இதைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டும் கலந்திருக்கிறது. இரண்டு வளைவையும் கழித்துப் பாதியாக்கு: வட்டத்தின் திசையைச் சார்ந்த பகுதி. கூட்டிப் பாதியாக்கு: வட்டத்தின் திசையைச் சாராத பகுதி. இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சூடு என்று எழுதிவிடாதே. துளைகள் வழியாக வரும் ஸ்பின்-சுற்றுப்பாதை முறுக்கும் (ஒளி கிளப்பிய துளைகளின் ஸ்பினும் இயக்கமும் பிணைந்திருப்பதால் வரும் முறுக்கு) அதில்தான் இருக்கும். அதே பிராக் குழு 2013-ல் அதையும் பிரித்துக் காட்டியது.

இன்னொன்று. 800 நானோமீட்டர் ஒளி காலியம் ஆர்சனைடுக்குள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் வரை இறங்கும். உன் படலமோ மெல்லியது. பெரும்பாலான ஒளி அடித்தளத்தில்தான் விழுகிறது, அங்கேயும் ஸ்பின் முனைவாக்கம் உண்டாகி உன் சிக்னலில் மெதுவாகச் சரியும் வாலாகத் தொங்கும். அதைக் கழிக்காமல் பொருத்தினால் எண்கள் பொய் சொல்லும். கெர் திருப்பம், கெர் நீள்வட்டம் இரண்டையும் அள. ஒரே வடிவில் வந்தால்தான் அது காந்தமாக்கம். தேர்வாளர் இதைக் கேட்கவே மாட்டார், இருந்தாலும் செய்.

அலைநீளம்
சரி, வட்டத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்ல சோதனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பொருளின் கியூரி வெப்பநிலை (இதற்கு மேல் காந்தத்தன்மை போய்விடும்) 200 கெல்வின் பக்கத்தோடு நின்றுவிட்டதே. இதை வைத்து என்ன சாதனம் செய்வது?

பழைய கிரையோஸ்டாட்
சாதனத்துக்கு யாரும் இதை நம்பவில்லை சார், விசையைப் பிரித்துப் பார்க்கத்தான் இது. புதிதாகப் பிடிக்கிறவர்கள் குரோமியம் சல்ஃபைடு புரோமைடு பக்கம் போகலாம். 132 கெல்வின் வரை காந்த ஒழுங்கு தாங்கும், அதாவது திரவ நைட்ரஜனே போதும், ஹீலியம் செலவில்லை. அதில் மேக்னான் (ஸ்பின்களின் கூட்டு அலை) ஆடும்போது அடுத்தடுத்த அடுக்குகளின் ஸ்பின் கோணம் மாறி எக்சைட்டானின் (பிணைந்த எலக்ட்ரான்-துளை இணை) ஆற்றலும் கூடவே ஆடுவதை 2022-ல் பார்த்துவிட்டார்கள். கெர் அமைப்பு இல்லாமல் சாதாரணப் பிரதிபலிப்பிலேயே ஸ்பின் தெரியும். தம்பி, நீ முதலில் அந்தக் கூட்டல் கழித்தலைச் செய்து வரைபடத்தை இங்கே போடு.