'ஹெர்பேசியஸ்' என்றால் மூலிகையா? தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி:
வணக்கம். தோட்டக்கலைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். 'ஹெர்பேசியஸ்' வந்த இடத்திலெல்லாம் 'மூலிகைத் தன்மையுள்ள' என்று எழுதிவந்தேன். வாழைக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். 'வாழை ஒரு பெரிய மூலிகைச் செடி' என்று வந்து நிற்கிறது. எங்கே பிழை?

பதில் 1:
மூலிகை என்பது பயனைச் சொல்லும் சொல். ஹெர்பேசியஸ் உடலமைப்பைச் சொல்வது: தண்டு கட்டையாக முற்றாமல் மென்மையாகவே இருக்கும் என்று மட்டும்தான் பொருள். வேம்பு மூலிகைதான், ஆனால் நன்றாக வைரம் பாயும் மரம். வாழையை மரம் என்கிறோம், வெட்டினால் பட்டைக்குள் பட்டைதான் வரும். அவை இலைகளின் அடிப்பகுதிகள், ஒன்றையொன்று இறுகச் சுற்றித் தண்டுபோல நிற்கின்றன. அதன் கிழங்கு மண்ணுக்குள் இருந்து பக்கக்கன்று விடுவதால் வாழை பல ஆண்டு நீடிக்கும். ஆகவே 'ஓராண்டுச் செடி' என்றும் மாற்றிவிடாதீர்கள்.

பதில் 2:
நம்மிடமே சொல் இருக்கிறதே! 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்கிறது தொல்காப்பிய மரபியல். காழ் என்றால் வைரம். 'புல்லினம்' என்று போடலாமே?

பதில் 1:
எனக்கும் மிகவும் பிடித்த நூற்பாதான். ஆனால் அது கேட்பது வைரம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று. அந்தக் கணக்கில் பனையும் தெங்கும் மூங்கிலும் புல். பனைமரத்தை மென்மையானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிரிக்கும் கோடே வேறு. 'பூண்டு' பொருத்தமான பழஞ்சொல், 'புல்பூண்டு' என்று இன்றும் சொல்கிறோம். கையேட்டில் தனியாக வந்தால் வெள்ளைப்பூண்டு என்று நினைத்துவிடுவார்கள். 'மென்தண்டுத் தாவரம்' என்றால் குழப்பமே இல்லை.

கேட்டவர்:
நன்றி, வாழையைத் திருத்திவிட்டேன். அப்புறம் இரண்டு இடம் மிச்சம். துளசியின் அடித்தண்டு கட்டையாகிவிடுகிறதே? ஒரு வாசனைத் திரவியத்தின் மணத்துக்கும் இதே சொல் வருகிறது.

பதில் 1:
துளசியில் அடி முற்றிவிடும், நுனிக்கிளைகள் மென்மையாகவே இருக்கும். பதியம் போடும் பகுதியில் அந்தச் சொல் வந்தால் 'முற்றாத இளந்தண்டு' என்று எழுதுங்கள். மணத்துக்குத் தண்டே வேண்டாம். இலையைக் கசக்கினால் வருமே, அந்தப் 'பச்சிலை மணம்'. ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்க வேண்டியதில்லை.