நீற்றிய சுண்ணாம்பும் எங்கள் வீட்டுச் சுவரும்

பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து:

தாத்தா காலத்துக் கடைவீடு எங்களுடையது. அடிச்சுவரில் எப்போதும் ஓதம். சிமெண்ட் பூசிப் பார்த்தோம். இரண்டே மழைக்காலத்தில் அப்பளம் போல உப்பி விழுந்தது. "ஈரம் வெளியே போக வழியில்லை தம்பி, இந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் ஒத்துக்கொள்ளும்" என்றார் கொத்தனார் ஐயா.

கொல்லையில் இரும்பு டிரம்மில் பாதித் தண்ணீர் ஊற்றி, சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கட்டி விரிசல் விட்டுச் சீறியது, தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அடுப்பே இல்லை! கால்சியம் ஆக்சைடு தண்ணீரைக் குடித்துக் கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறும் சூடு அது. கணக்குப்படி 56 கிராம் சுட்ட சுண்ணாம்புக்கு 18 கிராம் தண்ணீரே போதும். களியாக வேண்டுமென்றால் தாராளமாக ஊற்றவேண்டும். கட்டியின் மேல் தண்ணீரைக் கொட்டவே கூடாது, தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் போடாத யாரையும் ஐயா கிட்டே விடவில்லை. தயவுசெய்து நீங்களும் விடாதீர்கள்.

களியை மூன்று மாதம் ஊறவைத்தோம். மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கவேண்டும். அதில் பாலாடை போல மெல்லிய படலம் படியும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து உண்டாகும் கால்சியம் கார்பனேட். பூசிய சுவரிலும் நடப்பது இதுதான். சூளையில் சுடும்போது ஏறக்குறைய 900 டிகிரியில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி, சுண்ணாம்பு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. எங்கள் ஊர் லீத் தெருவிலுள்ள பழைய சியோங் ஃபாட் ட்ஸே மாளிகைச் சுவரின் நீலம்கூட அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்ததுதான்.

அந்தக் களியைச் சுவரில் பூசி நாலு வருடம் ஆகிறது. ஈரம் இன்னும் தெரிகிறது, ஆனால் எங்கேயும் உப்பவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து:

அண்ணே, படலம் என்றதும் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி நினைவுக்கு வந்தது. சுண்ணாம்பு காய்ந்துவிடக் கூடாதென்று தினமும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஆரத்தி கரைப்பது நான்தான். மஞ்சள் தண்ணீரில் மிளகளவு சுண்ணாம்பு கிள்ளிப் போட்டால் போதும், அதன் காரத்தன்மையில் தட்டு முழுக்கச் சிவந்துவிடும். ஒருமுறை வெந்நீரில் நன்றாகக் கரையுமே என்று நினைத்தேன். பள்ளியில் வேதியியல் நடத்தும் என் தங்கச்சிதான் திருத்தினாள்: "அக்கா, சர்க்கரை மாதிரி இல்லை இது. 20 டிகிரியில் லிட்டருக்கு 1.7 கிராம் கரையும், கொதிநீரில் அதில் பாதிகூடக் கரையாது." அன்றிலிருந்து ஆரத்திக்குப் பச்சைத் தண்ணீர்தான்.